பாதி விலையில் ஒரு கடல்

பதுளை பஸ் தரிப்பிடத்தில் நீங்கள் புதுக் குடை ஒன்றோடு நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். மழை வருவதற்கு முன்னால் ஒருவர் வருவார். குடையை வாங்கி விரிப்பார், கம்பியைச் சுண்டுவார், துணியை மோந்துகூடப் பார்ப்பார். பிறகு, "எவ்வளவு குடுத்தீங்க?" என்பார். நீங்கள் எந்தத் தொகையைச் சொன்னாலும் சரி, வெட்கப்பட்டுக் குறைத்தே சொன்னாலும் சரி, அவரிடம் பதில் தயாராக இருக்கும்: "ஏமாத்திட்டானுங்க. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா பாதி விலைக்கு முடிச்சுத் தந்திருப்பேனே!"

இவர்தான் பாதிவிலையார். கஞ்சனோடு இவரைச் சேர்த்துவிடாதீர்கள். கஞ்சன் எதையும் வாங்க மாட்டான், அவனால் ஊருக்குத் தொல்லை இல்லை. பாதிவிலையார் எல்லாவற்றையும் வாங்குவார். வெலிமடையில் உருளைக்கிழங்கு கிலோவுக்குப் பதினைந்து ரூபா குறைவு என்று கேள்விப்பட்டால், பஸ் ஏறிப் போய் இரண்டு கிலோ வாங்கி வருவார். பஸ் காசு? அப்படிக் கேட்பவனுக்கு உலகம் தெரியாது.

ஸ்பிரிங்வெளிப் பக்கத்துத் தேயிலை ஃபெக்டரி ஒன்றில் மின்சார வேலை பார்க்கும் சதீஸ்குமார் இந்த இனத்தில் முதல் தரம். அவர் வீட்டுச் சுடுதண்ணி ஹீட்டர் பாதி விலை. தண்ணீர் சுடாது, குழாய் ஷாக் அடிக்கும். கூரைத் தகடும் பாதி விலை. மழை நாளில் எந்தச் சட்டியை எந்த இடத்தில் வைக்க வேண்டும் என்று அவர் மனைவி நிசாந்தினி கண்ணை மூடிக்கொண்டே சொல்வாள். எல்லாவற்றையும் பொறுத்துக்கொண்ட அந்தப் பெண் வாய் திறந்து கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

கல்யாணமான புதிதில் பாசிக்குடாவில் ஒரு பகல் முழுக்க முழங்கால் தண்ணீரில் நின்றவள் அவள். அதற்குப் பிறகு பன்னிரண்டு வருடமாய்க் கடலைக் காணவில்லை. டவுனில் ஜௌபர் நானாவின் வளர்ப்பு மீன் கடையில், வெள்ளைப் பட்டை போட்ட ஆரஞ்சு நிறக் கோமாளி மீன்கள் இரண்டு கண்ணாடிக்குள் சுற்றுவதை ஒருநாள் பார்த்தாள். பஸ்ஸைத் தவறவிட்டாள்.

"அந்த ரெண்டும் நம்ம வீட்டுல இருக்கணுங்க. ஆனா ஒண்ணு, உசிரோட வளர்க்க முடிஞ்சா மட்டும் வாங்குங்க. சாகடிக்கிறதுக்கு வேணாம்."

"உப்புத் தண்ணி மீனுதானே? பாதி விலையில உனக்குக் கடலையே கொண்டாந்து வைக்கிறேன் பாரு."

சதீஸ்குமார் கடைக்குப் போனார். தொட்டி, பம்ப், தண்ணீரை வெதுவெதுப்பாக்கும் ஹீட்டர், அதற்கென்றே விற்கிற கடலுப்புத் தூள், உப்பு அளக்கும் மீட்டர் என்று ஜௌபர் நானா ஒவ்வொன்றாய் எடுத்து வைத்தார். திருடனின் வாக்குமூலத்தைக் கேட்கும் பொலிஸ்காரர் மாதிரி சதீஸ்குமார் தலையாட்டிக்கொண்டே இருந்தார்.

"இந்தத் தூளு எதுக்கு நானா? கடல்லேருந்துதானே உப்பு எடுக்கிறானுங்க? கல்லுப்பைத் திருப்பித் தண்ணியில போட்டா அது கடல்தானே?"

"தேயிலைத் தூளைத் தண்ணியில போட்டா மலையில செடி மொளைக்குமா தம்பி?" என்றார் ஜௌபர் நானா. "மீட்டரையாவது எடுங்க. தண்ணியைக் கரைச்சு வச்சு ஒரு மாசம் பழக உடணும். அதுக்குப் பொறகுதான் மீன்."

"மீனே இல்லாத தண்ணியை ஒரு மாசம் பார்த்துக்கிட்டு இருக்கிறதா? நல்ல யாவாரம்!"

பம்ப் ஒன்றை மட்டும், அதுவும் பழையது, பேரம் பேசி வாங்கினார். தொட்டிக்கு, மூடிப்போன பேக்கரியின் பணிஸ் பெட்டிக் கண்ணாடிகளை ஒட்டினார். ஹீட்டருக்குப் பதிலாகக் கோழிக்குஞ்சுக்குக் கட்டுகிற பல்ப். மீட்டருக்குப் பதிலாக? பிபிலையில் வயல் வைத்திருக்கும் மச்சான் விதைநெல்லிலிருந்து பதரைப் பிரிக்க உப்புத் தண்ணீர் கரைக்கும்போது முட்டையைப் போட்டுப் பார்ப்பாராம். முட்டை மிதந்தால் உப்பு சரி. வீட்டில் முட்டை இருக்கும்போது எந்த மடையன் மீட்டர் வாங்குவான்?

நாலாம் வாரம் ஞாயிறு காலை, "தண்ணி ஒரு மாசமா பழகிக்கிட்டு இருக்கு நானா" என்று கூசாமல் சொல்லி, இரண்டு மீன்களையும் காற்றடைத்த பையில் வாங்கி வந்துவிட்டார். பையில் காற்று பின்னேரம் வரைக்கும்தான் தாங்கும் என்று ஜௌபர் நானா சொல்லி அனுப்பினார். அது போதும். ஒரு கடல் செய்ய எத்தனை மணித்தியாலம் வேண்டும்?

நிசாந்தினி பையை மடியில் வைத்துக்கொண்டு தொட்டிக்கு முன்னால் உட்கார்ந்தாள். பக்கத்து வீட்டுக் குணமணி மாஸ்டரும் வந்துவிட்டார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடமாய்ப் பதுளையில் கணக்குப் படிப்பிக்கிறவர். எண்பது லீற்றர் தண்ணீர், அடியில் ஒரு முட்டை. சதீஸ்குமார் கல்லுப்புப் பாக்கெட்டை வெட்டிக் கொட்டினார். முட்டை அசையவில்லை. இரண்டாவது கிலோ. மூன்றாவது. முட்டை படுத்த படுக்கையாகக் கிடந்தது.

"இன்னும் போடும் தம்பி," என்றார் மாஸ்டர். "மிதந்தால் கடல்தான். அதிலை சந்தேகமே இல்லை."

ஐந்து, ஆறு, ஏழு. உப்பு வாங்கக் கடைக்கு ஒரு தடவை ஓடி வந்தார், பகல் சாப்பாட்டு நேரமும் தாண்டிவிட்டது. எட்டு. ஒன்பதாவது கிலோவில் முட்டை மெல்ல ஆடி, எழுந்து, மேலே வந்து மொட்டைத் தலையைக் காட்டியது. மாஸ்டர் கைதட்டினார். சதீஸ்குமார் பைக்குக் கையை நீட்டினார்.

நிசாந்தினி கொடுக்கவில்லை. விரலைத் தண்ணீரில் தொட்டு நாக்கில் வைத்தாள். முகம் கோணியது.

"ஏங்க, பாசிக்குடாவில ஒரு அலை என் வாய்க்குள்ள போயிருக்கு. அது உப்பு. இது ஊறுகாய்."

"நாக்கை வச்சுக் கடலை அளக்க முடியுமா நிசா? முட்டை மெதக்குது பாரு!"

"சரி. அப்ப நீங்க ஒரு வாய் குடிங்க. நீங்க குடிச்சிட்டீங்கன்னா இதுங்க குடிக்கட்டும்."

மாஸ்டர் பார்த்துக்கொண்டிருந்தார். பின்வாங்கலாமா? பாதிவிலையார் பின்வாங்கினால் சுடுதண்ணிக் குழாயிலிருந்து கூரைத் தகடு வரைக்கும் எல்லாவற்றையும் அல்லவா கேள்வி கேட்பார்கள்! கோப்பையில் மொண்டார், சிரித்துக்கொண்டே வாயில் ஊற்றினார், சிரிப்பு அப்படியே நிற்க, கண் மட்டும் வெளியே வர, காது சிவக்க, ஒரு கையால் வயிற்றையும் மறு கையால் மாஸ்டரின் சட்டையையும் பிடித்துக்கொண்டு முற்றத்துக்கு ஓடி, தேசிக்காய் மரத்தடியில் காலை சாப்பிட்ட ரொட்டியோடு சேர்த்துத் தன் கடலைத் திருப்பிக் கொடுத்தார்.

உள்ளே வந்தபோது பையில் ஒரு மீன் சரிந்து மிதந்தது.

"ஒண்ணு சாயுதுங்க," என்றாள் நிசாந்தினி. அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

அதற்குப் பிறகு நடந்தது சரித்திரம். சதீஸ்குமார் பஸ்ஸுக்கு நிற்கவில்லை. திரீவீலரை மறித்து, என்ன வாடகை என்று கேட்காமல் ஏறினார். மலை வளைவுகளில் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, "கொஞ்சம் பொறுடா, கொஞ்சம் பொறு" என்று அந்த மீனிடம் கெஞ்சிக்கொண்டே போனார்.

ஜௌபர் நானா பையை வாங்கித் தன் தொட்டியில் மிதக்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாய்த் தண்ணீர் கலந்தார். சரிந்த மீன் நிமிர அரை மணித்தியாலம் எடுத்தது. அந்த அரை மணித்தியாலமும் சதீஸ்குமார் ஒரு பொருளின் விலையையும் விசாரிக்கவில்லை; முட்டை விஷயத்தை மட்டும் ஒப்புக்கொண்டார்.

"நல்ல முட்டை கடல்ல தாழும் தம்பி. முட்டை மெதக்கிற தண்ணி கடலைப் போல மூணு மடங்கு உப்பு. வயலுக்குச் சரி. மீனுக்கு அது மையத்துப் பெட்டி, உள்ள போனது உசிரோட வராது."

"அந்த மீட்டரை எடுங்க நானா. தூளையும். ஹீட்டரையும்." கொஞ்சம் நின்று மெல்லச் சொன்னார்: "ஊர்ல யாருக்கும் சொல்ல வேணாம்."

மீன்கள் ஒரு மாதம் கடையிலேயே விருந்தாளியாக இருந்தன. வீட்டில், மீட்டரில் அளந்து கரைத்த தண்ணீர் மீனில்லாமல் பழகியது. பிறகு ஒரு பின்னேரம் நிசாந்தினியே பையின் முடிச்சை அவிழ்த்தாள். இப்போது வேலைக்குப் போகும் முன்னால் கொஞ்ச நேரம், வந்த பிறகு கொஞ்ச நேரம், தொட்டிக்கு முன்னால் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்கிறாள்.

போன கிழமை குணமணி மாஸ்டர் வந்தார். கண்ணாடியைத் தட்டினார், ஹீட்டர் வயரைத் தடவினார்.

"எல்லாமாய் எவ்வளவு முடிஞ்சது தம்பி?"

சதீஸ்குமார் உண்மையான தொகையை மனதுக்குள் இரண்டாய் வகுத்து, பாதியைச் சொன்னார். உள்ளே நிசாந்தினி தேத்தண்ணிக் கோப்பையை வாயில் வைத்தபடி இருமினாள்.

மாஸ்டர் தலையை ஆட்டினார். "அவ்வளவோ! உம்மை நல்லா ஏமாத்திப் போட்டாங்கள். என்னட்டை ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே!"

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் கையிலிருக்கும் இந்தப் புத்தகத்தைப் பார்த்து யாராவது "என்ன விலை?" என்று கேட்டால், கொடுத்த விலையையா சொல்வீர்கள்? கொஞ்சம் குறைத்துத்தானே சொல்வீர்கள்? அப்படியானால் வெட்கப்படாமல் வந்து உட்காருங்கள். சதீஸ்குமாருக்குப் பக்கத்தில் இடம் இருக்கிறது. அந்த நாற்காலியும் பாதி விலைதான், பார்த்து உட்காருங்கள்.