அத்தானை முதல் வாங்கில் இருத்திய வகுப்பு

இத்தாலிக்கு வந்து கபோ சந்தையில் பெட்டி தூக்கி, அங்கேயே சொந்த மரக்கறிக் கடை போட்டேன். மூன்று தங்கைமாரைக் கரைசேர்த்தேன். பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால் வீடு வாங்கினேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன், பலேர்மோவில் ஒரு பள்ளிக்கூடமே கட்டினேன். (கட்டினேன் என்றால், தேவாலய மண்டபத்தில் ஆட்கள் இருக்க மூன்று வாங்கு போட்டேன்.)

தொண்ணூறுகளில், புதிதாக வந்த எங்கள் ஆட்களுக்கு ஞாயிறுதோறும் இத்தாலியன் படிப்பித்தேன். எனக்குத் தெரிந்தது சந்தை இத்தாலியன். அதையே பாடமாக்கச் சொன்னேன். சிலருக்கு ஒரு சொல்லும் தெரியாது. செல்வி என்ற பெட்டை இத்தாலியன் பேப்பரே வாசிப்பாள். ஆகவே கெட்டிக்காரருக்கு முதல் வாங்கு, மற்றவர்களுக்குப் பின்வாங்குகள் என்று பிரித்தேன்.

சிக்கல், என் அத்தான். ஊரில் தபாலதிபராக இருந்தவர். அக்காவின் புருஷனைக் கடைசி வாங்கில் இருத்த எனக்கென்ன பைத்தியமா? முதல் வாங்கு கொடுத்தேன். பிறகு அவரிலும் மூத்தவர்களைப் பின்னுக்கு விட முடியவில்லை. வயதுப்படி வாங்கு நிரம்பி, இருபத்திரண்டு வயதுச் செல்வி கடைசிக்குப் போனாள்.

அப்போதுதான் மொண்டெல்லோவில் இருந்து ஒரு சிஞ்ஞோரா, இத்தாலியப் பெண்மணி, வந்தார். தன் வயதான தகப்பனைப் பார்த்துக்கொள்ள, இத்தாலியன் கதைக்கத் தெரிந்த ஆள் வேண்டும். பெர்மெஸ்ஸோவுக்குக் கடிதமும் தருவாராம். அந்த அனுமதி கிடைத்தால்தான் அத்தான் ஊரில் இருக்கும் அக்காவைக் கூப்பிடலாம். முதல் வாங்கைப் பெருமையோடு காட்டினேன்.

"அப்பாவை எப்படிப் பார்த்துக்கொள்வீர்கள்?" என்று சிஞ்ஞோரா கேட்டார்.

அத்தான் எழுந்து, தபாலதிபர் குரலில், நான் படிப்பித்த இத்தாலியனில் சொன்னார்: "இரண்டு கிலோ. நல்லாய்ப் பழுத்தது."

"அவர் நடக்க மாட்டாரே?"

"பையில் போட்டுத் தாங்கோ."

சிஞ்ஞோரா கைப்பையை எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார். செல்விதான் ஓடிவந்து மறித்து ஐந்து நிமிடம் கதைத்தாள். சிஞ்ஞோராவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. உடனே அவளையே வேலைக்குக் கேட்டார். தனக்கு ஏற்கெனவே பெர்மெஸ்ஸோ இருக்கிறது, இந்த ஐயாவுக்கு ஒரு மாதம் தாருங்கள், நான் படிப்பிக்கிறேன் என்று அவள் கெஞ்சி வாங்கினாள்.

பிறகு என்னிடம் திரும்பினாள். "அண்ணை, ஐயா கடைசி வாங்குக்கு வரட்டும். நீங்கள் நடு வாங்கில இருங்கோ."

"நானோ?"

"ஓம், நீங்களும்தான்."

அத்தான் கொப்பியோடு பின்னுக்குப் போகும்போது சொன்னார்: "தம்பி, முதலே என்னை அங்கை விட்டிருந்தா, இண்டைக்கு ஒரு வசனமாவது கதைச்சிருப்பன்."

ஒரு மாதத்தில் கதைத்தார். பெர்மெஸ்ஸோ கிடைத்தது, அக்கா வந்தா. இன்றைக்கும் அவவுக்குக் கோபம் வந்தால் அத்தானைப் பார்த்து, "இஞ்சை, ரெண்டு கிலோ" என்றுதான் கூப்பிடுவா.

அன்றிலிருந்து வகுப்பு செல்வியின் கைக்குப் போய்விட்டது. இப்போது அந்தப் பள்ளிக்கூடத்துச் சுவரில் 'தொடக்கியவர்: செல்வி' என்று எழுதியிருக்கிறார்கள். வாங்குகளைத் தோளில் சுமந்தவன் நான். என் பெயரும் அங்கே வர வேண்டும். அவளுடைய பெயருக்கு மேலே, நான்தானே மூத்தவன்.