கட்டிங் மாஸ்டரும் காணாமல் போன 'டு'வும்

வெள்ளைக்காரன் இந்த நாட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போன வைரம், தங்கம் எதற்கும் வருத்தப்படாமல், ஒரே ஒரு வார்த்தைக்காக அவன்மேல் கோபமாக இருந்த ஆள் உலகத்திலேயே எங்கள் கட்டிங் மாஸ்டர் ஒருவர்தான்.

2008-ல் சிதம்பரத்தில் அவருடைய தையல் கடைக்கு மேலே, மாடி அறையில் நான் குடியிருந்தேன். சொந்தப் பெயர் அவருக்கே மறந்திருக்கும். ஆங்கிலத்தில் இருக்கும் 'கட்' நம்முடைய 'கட்டு'தான் என்பது அவர் கட்சி. கடலூரில் கோட்டை எழுப்பும்போது கொத்தனார்கள் "கட்டு, கட்டு" என்று கத்தியதைத் துரை கேட்டாராம். கப்பலேறுகிற அவசரத்தில் 'டு'வை மட்டும் இங்கேயே விட்டுவிட்டாராம்.

அப்படியென்றால் அர்த்தம் ஏன் தலைகீழானது என்று கேட்டேன்.

"அவனுக்குக் கட்டத் தெரியாது மச்சான், வெட்டத்தான் தெரியும். தெரிஞ்சத வச்சிகிட்டான்" என்றார், கத்தரிக்கோலை நிறுத்தாமல்.

அதோடு விட்டாரா? காலேஜ் பையன் கிளாஸ் கட் அடித்தாலும், தெருமுனையில் கட்அவுட் வைத்தாலும் எல்லாம் நம்ம சொத்து. அந்த வருஷம் கரண்ட் கட் வேறு ஜாஸ்தி. நாங்கள் விசிறிக்கொண்டே திட்டுவோம். அவர் மட்டும் தமிழ் வளர்கிறது என்று சந்தோஷப்படுவார்.

இப்படிப்பட்டவருக்குப் பண்ருட்டி பலாப்பழ வியாபாரியின் மகள் மலரை நிச்சயம் செய்தார்கள். மனிதர் குழைந்துபோனார். முகூர்த்த ஜாக்கெட்டை நான்தான் தைப்பேன் என்று அடம்பிடித்து, அளவு ஜாக்கெட்டைக் கையோடு வாங்கிவந்துவிட்டார்.

ஒரு மதியம் மாமனார் போன் செய்து, மலர் கல்யாணத்துக்குத் தேதி பார்த்தாயிற்றா என்று கேட்டிருக்கிறார். தையல் மெஷின் சத்தத்தில் மாஸ்டர் காதில் விழுந்தது 'மலர்' மட்டும்தான்.

"மலரோடத நேத்தே கட் பண்ணிட்டேன் மாமா" என்றார் பெருமையாக. அத்தோடு சார்ஜ் தீர்ந்து, போனும் கட். திரும்ப சார்ஜ் போடக் கரண்ட்டும் இல்லை.

சாயங்காலம் பலாப்பழ வாசனையோடு ஒரு மினி லாரி கடை வாசலில் வந்து நின்றது. "கல்யாணத்தையே கட் பண்ணிட்டியாபா?" என்று கேட்டபடியே மாமனார் இறங்கினார். பின்னால் அழுது வீங்கிய கண்களோடு மலர். என்ன நடந்திருக்கிறது என்று மாஸ்டருக்கு அப்போதுதான் புரிந்தது. 'ஜாக்கெட்' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். பதற்றத்தில் அவர் கடலூர்க் கோட்டையிலிருந்து ஆரம்பித்தார். துரையைக் கப்பல் ஏற்றிவிட்டுத்தான் மூச்சு வாங்கினார்.

"இன்னாபா, பொண்ண வேணாம்னுட்டு எங்ககிட்ட கோட்டை கத சொல்ற?" என்று மாமனார் லாரியில் ஏறப் போய்விட்டார்.

மலர் மட்டும் நகரவில்லை. மேஜைமேல் வெட்டி வைத்திருந்த அரக்குப் பட்டுத் துண்டுகளையும், பக்கத்தில் தன்னுடைய அளவு ஜாக்கெட்டையும் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"கட் பண்ணது இதத்தானா?"

மாஸ்டர் தலையை மட்டும் ஆட்டினார்.

"தொர விட்டுட்டுப் போன அந்த 'டு' இங்கதான இருக்குது? அத சேத்து, தாலியக் கட்டுங்க."

கட்டினார். அந்த அரக்கு ஜாக்கெட் கச்சிதமாக இருந்தது.

இன்றும் பேச்சின் நடுவே போன் கட் ஆனால், நான் மெல்ல ஒரு 'டு' சேர்த்துச் சொல்லிப் பார்ப்பேன். மாஸ்டர் பக்கத்திலேயே இருப்பதுபோல் இருக்கும்.