டோர்கில் வீட்டுக்கு வந்த பூக்கடுதாசி

ஸ்வென்போர் துறைமுகத்தில் படம் வரைந்து பிழைக்கும் டோர்கில், அந்த மார்ச் மாதம் பட்டறைக் கதவில் கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினான்: 'இங்கே எல்லாம் கைவேலை. ஏஐயிடம் ஒரு கோடுகூட வேலை வாங்க மாட்டோம்.'

மாட்டியதோடு விட்டானா? ரொட்டி வாங்கப் போனாலும் பிரசங்கம். மெஷின் செய்ததை மோந்து பார்த்தே சொல்லிவிடுவானாம்.

கைவேலையாவது நடந்ததா என்றால் அதுவும் இல்லை. ஈஸ்டருக்கு முன்னால் ஊரே ஒருவருக்கொருவர் பூக்கடுதாசி அனுப்பும். காகிதத்தைப் பூவேலையாகக் கத்தரித்து, நாலு வரிப் பாட்டெழுதி, உள்ளே ஒரு வெள்ளைப் பூ வைத்து, பேருக்குப் பதில் புள்ளி வைப்பார்கள். வாங்கியவர்தான் ஆளைக் கண்டுபிடிக்க வேண்டும். எனக்கும் ஒன்று அனுப்பேன் என்று பெண்டாட்டி சிஸ்ஸெல் வருஷா வருஷம் கேட்டு வாய் வலித்துப் போனாள்.

"கேட்டவுடனே கறக்கிறதுக்குக் கலை என்ன பசுமாடா?" என்பான் டோர்கில்.

ஒரு காலையில் தபால்பெட்டியில் அப்படியொரு கடுதாசி கிடந்தது. சிஸ்ஸெல் படித்தாள். கன்னம் சிவந்தது. மறுபடி படித்தாள்.

"யாரு அது?" டோர்கில் கத்தினான்.

"புள்ளிதான் இருக்கு. உனக்குத்தான் பெரிய மூக்காச்சே, மோந்து பாரு."

பிடுங்கிப் படித்தான். 'மாவு படிந்த உன் கை என் சன்னலைத் தட்டினால், கூரைப் பனிகூட மன்னிப்புக் கேட்டு இறங்கும்.' சிஸ்ஸெல் ரொட்டிக் கடையில் மாவு பிசைபவள். டோர்கில் கடுதாசியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"மெஷின் எழுதினதா இருக்குமோ?" என்றாள் அவள்.

"மெஷினா! யாருகிட்ட சொல்ற? இது தூக்கம் கெட்ட ஆம்பளை எழுதினது. வார்த்தைக்கு வார்த்தை சுடுது. பக்கத்து வீட்டுப் பிரேபன்தான்!"

"அந்த முழங்கால் வலிக்காரரா? பாவம், அவர் மாடிப்படி ஏறவே ஒரு மணி நேரம் ஆகுது."

"அவன் உன்னைப் பார்க்கட்டும், அதைப் பொறுத்துக்குவேன். என்னைவிட நல்லா எழுதுறானே, அதை எப்படிப் பொறுக்கிறது?"

"ரொம்ப சந்தோஷம். பொண்டாட்டி போனாலும் பரவாயில்ல, பேரு போகக் கூடாது."

கதவை அறைந்துவிட்டுப் பட்டறைக்குப் போனான். வந்த வேலையையெல்லாம் தூக்கி மூலையில் போட்டான். பிரேபனை நினைத்து நினைத்துக் காகிதத்தைக் கத்தரித்தான். அன்னம் வந்தது, பாய்மரம் வந்தது, விரலில் ரத்தமும் வந்தது. பாட்டை எழுதினான், அடித்தான், எழுதினான். சாயங்காலம் கடுதாசியைச் சாப்பாட்டு மேசையில் விரித்து வைத்தான்.

சிஸ்ஸெல் அதை ரெண்டு தடவை படித்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"இப்ப சொல்லு. பிரேபன் இதுக்குக் கிட்ட வர முடியுமா?"

"பிரேபனுக்கும் காலைல வந்த கடுதாசிக்கும் என்ன சம்பந்தம்? காகிதத்தை நான் வெட்டினேன். பாட்டை ஏஐ எழுதுச்சு."

டோர்கிலுக்கு வாயில் போட்ட மீன் துண்டு அப்படியே நின்றது.

"என் வீட்டுலயா? அப்ப என் கொள்கை?"

"அதுக்கு ஒரு குறையும் வரல, ஓவியரே. நீ மெஷின்கிட்ட வேலை வாங்கல. மெஷின்தான் உன்கிட்ட வேலை வாங்கிடுச்சு."