சிமெண்ட் தரையில் சாணி

மூன்றாவது வாரமாக டிரஸ்ட் டீச்சர் பாண்டிலட்சுமி பக்கத்து வீட்டுப் பொன்மணியோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தாள். குருவம்மாளுக்கு வயிறு எரிந்தது. அதிலும் அந்த இரண்டு பேரும் இவள் வீட்டைப் பார்த்துப் பார்த்துப் பேசினார்கள்.

எம். புதுப்பட்டியில் பட்டாசு வேலைக்குப் போகும் குடும்பங்களுக்கு டியூஷன், கண் பரிசோதனை என்று அந்த டிரஸ்ட் ஏதாவது செய்துகொண்டே இருக்கும். இந்தத் தடவை ரொம்ப இல்லாதப்பட்ட வீட்டுக்குத் தையல் மிஷின் என்று தெருவில் பேச்சு.

"நம்ம வீட்டுல கலர் டி.வி. இருக்குன்னு அந்தப் பொன்மணி போட்டுக் குடுத்திருப்பா" என்றாள் புருஷனிடம்.

"இருந்தா இருந்துட்டுப் போகுது" என்றான் சங்கிலிமுத்து.

அன்று சாயங்காலமே டி.வி. பின்தெருவில் இருந்த நாத்தனார் பேச்சியம்மாள் வீட்டுக்குப் போனது.

"பத்து நாளைக்குத்தான் மதினி."

"எம்புட்டு நாள் வேணாலும் இருக்கட்டும் தாயி" என்றாள் பேச்சியம்மாள். ஏன் என்றுகூடக் கேட்கவில்லை.

மறுநாள் கிரைண்டர் போனது. அதற்கு மறுநாள் ஃபேன். பட்டாசுக் கம்பெனியிலிருந்து மேலெல்லாம் வெள்ளி மருந்தோடு வந்த சங்கிலிமுத்து, அண்ணாந்து பார்த்தான்.

"ஏளா, ஃபேன் எங்க?"

"ஏழைக்கு எதுக்கு ஃபேன்?"

"நாம எப்பளா ஏழையானோம்?"

"செவ்வாக்கிழமையில இருந்து."

அப்படியும் தரை பளபளவென்று காட்டிக்கொடுத்தது. குருவம்மாள் அதன் மேல் சாணியைக் கரைத்து மெழுகினாள். சிமெண்டில் சாணி ஒட்டவில்லை. சங்கிலிமுத்து வழுக்கி விழுந்ததுதான் மிச்சம்.

வெள்ளிக்கிழமை பாண்டிலட்சுமி நோட்டோடு வந்தாள். மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"என்னக்கா இது, ஃபேன் இருந்துச்சே?"

"வித்துத் தின்னுட்டோம் டீச்சர்."

"டி.வி.?"

"அதையுந்தான்."

டீச்சர் நோட்டில் எதையோ அடித்தாள். "நீங்க இவ்வளவு சிரமப்படுறது தெரியாதுக்கா" என்று வருத்தத்தோடு போய்விட்டாள். குருவம்மாளுக்கு மனசு குளிர்ந்தது. பொன்மணி வாசலில் கன்னத்தில் கைவைத்து நிற்பதைப் பார்த்ததும் இன்னும் குளிர்ந்தது.

திங்கட்கிழமை டிரஸ்ட் வேன் வந்தது. இரண்டு வீட்டையும் தாண்டிப் பின்தெருவுக்குத் திரும்பியது. குருவம்மாள் பின்னாலேயே ஓடினாள். டிரைவர் காளிராஜ், பேச்சியம்மாள் வீட்டு வாசலில் தொட்டில்களை இறக்கிக்கொண்டிருந்தான். உள்ளே இவளுடைய ஃபேன் ஜோராகச் சுற்றிக்கொண்டிருந்தது.

"தையல் மிஷின் எங்க தம்பி?"

"மிஷினா? இது பிள்ளைக காப்பகம்க்கா. ஃபேனு, டி.வி., நல்ல தரைன்னு வசதியான வீடாப் பாத்து வைக்கிறோம். வீட்டுக்காரவுகளுக்கு மாசச் சம்பளம்."

குருவம்மாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அடிப்பாவி! இதை அந்தப் பொன்மணி எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னாளா?"

"முடிவாகட்டும்னு இருந்திருப்பாக. உங்க வீட்டுலதான் வைக்கணும்னு மூணு வாரமா டீச்சர்கிட்ட மல்லுக்கட்டுனதே அவுகதானக்கா!"