வெப்சைட்டில் ஒரு கால்

"மூனு மாசத்துல இந்த வீட்ட எத்தன பேரு பாத்திருக்காங்க தெரியுமா?" புனிதா கணினித் திரையைத் தர்மேந்திரன் பக்கம் திருப்பினாள். "பதினேழு பேரு. அதுல பன்னெண்டு தடவ நீங்களேதான்."

தர்மேந்திரன் மறுக்கவில்லை. தான் எழுதிய விளம்பரத்தைத் தானே படித்து மகிழும் நல்ல குணம் அவருக்கு உண்டு. 'கனவு இல்லம், ஈப்போவிலிருந்து ஐந்தே நிமிடம்' என்று எழுதியிருந்தார். ஹெலிகாப்டர் வைத்திருப்பவர்களுக்கு அது உண்மைதான். பழைய ரப்பர் தோட்டத்தை அழித்துக் கட்டிய தாமான் குடியிருப்பில், சதாசிவத்தின் இரட்டை மாடி வீடு அது.

"வீடு வாங்குறவங்க வெப்சைட்டுல கவிதையா தேடுறாங்க? உண்மையத் தேடுறாங்கண்ணே," என்றாள் புனிதா. அவரைவிடப் பத்து வயது இளையவள். ஆனாலும் அலுவலகத்துக்கு அவள்தான் மேலாளர். "தண்ணி எப்படி வருது, பக்கத்து வீட்டுல யாரு, எல்லாத்தையும் போடுங்க. யாரு என்ன கேட்டாலும் அன்னைக்கே பதில் சொல்லுங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள ஒரு ஆளக் கூட்டிட்டு வரலன்னா, வீட்ட வேற ஏஜண்டுக்குக் கொடுத்துட்டு உங்கள கமுந்திங்குக்கு மாத்திருவேன். அங்க பெக்டரி லாட்டு நெலம் வித்துக்கிட்டு இருங்க."

தினமும் கமுந்திங் போய் வருவதை நினைத்ததுமே தர்மேந்திரனுக்கு இடுப்பு வலித்தது. உடனே உட்கார்ந்து கனவு இல்லத்தை அழித்தார். 'எது வேண்டுமானாலும் கேளுங்கள்' என்று ஒரு பெட்டியைப் போட்டார்.

மாலையே தெலுக் இந்தானிலிருந்து நல்லம்மாள் என்பவர் கேட்டிருந்தார்.

"அடுப்படி பளபளன்னு இருக்கு தம்பி. சமைக்கிற நேரத்துல எடுத்த படம் இருந்தா போடுங்க."

கேட்கத் தெரிந்த அம்மா என்று தர்மேந்திரன் மெச்சிக்கொண்டார். மறுநாள் நண்பகலில், சொல்லாமல் கொள்ளாமல் சதாசிவத்தின் அடுப்படிக்குள் நுழைந்து படம் எடுத்தார். கருவாடு பொரித்துக்கொண்டிருந்த சதாசிவத்தின் மனைவி கலாதேவி, கரண்டியோடு திரும்பினாள்.

"அலாமாக்! ஒரு போன் பண்ணிட்டு வரக்கூடாதா?"

"போன் பண்ணா தொடச்சு வச்சிருவீங்கக்கா. இப்பல்லாம் உண்மைக்குத்தான் மவுசு."

கரண்டியும் கருவாடுமாகக் கலாதேவி வெப்சைட்டில் ஏறினாள். அன்று தொண்ணூறு பேர் பார்த்தார்கள். நல்லம்மாளுக்கு அடுத்த கேள்வி பிறந்தது. "காலையில தண்ணி நல்லா வருதா? எல்லாரும் ஒரே நேரத்துல கிளம்புறப்ப சண்ட சத்தம் கேக்குதா?"

மறுநாள் காலை ஆறரைக்குத் தர்மேந்திரன் சதாசிவத்தின் வீட்டு வேலியோரம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றார். பின்னாலிருந்து ஒரு கை அவர் சட்டைக் காலரைப் பிடித்தது. பக்கத்து வீட்டு முத்து முகம்மது, உணவகம் வைத்திருப்பவர். கடை திறக்கக் கிளம்பியவர், திருடன் என்று நினைத்துவிட்டார்.

"திருடன் இல்லண்ணே, ஏஜண்டு!"

"ரெண்டும் ஒன்னுதான் லா," என்றார் அவர், பிடியைத் தளர்த்தாமலேயே.

விஷயத்தைச் சொன்னதும் மனிதர் இளகிவிட்டார். "பதினெட்டு வருசமா பக்கத்துல இருக்கேன். சதாசிவம் அண்ணே சத்தம் போட்டு நான் கேட்டதே இல்ல. கலாக்காதான் போடுவாங்க. அண்ணே கேட்டுக்குவாரு."

தர்மேந்திரன் அதை எழுத்துக்கு எழுத்து அப்படியே 'அக்கம்பக்கம்' என்ற தலைப்பில் போட்டார். சாயங்காலம் சதாசிவம் போனில் கூப்பிட்டார்.

"யோவ், நான் கேட்டுக்குவேன்னு கோயில் கமிட்டி பூரா சிரிக்கிறான்யா!"

"நூத்தியெம்பது பேரு பாத்திருக்காங்கண்ணே! வெள்ளிக்கிழமைக்குள்ள ஆளு வந்துரும்!"

"வெள்ளிக்கிழமை ஆளு வரலன்னா, நீ பாப்ப!"

அவர் கவனத்தைத் திருப்ப வேறு படங்கள் போட்டால் போதும் என்று தர்மேந்திரன் நினைத்தார். மறுநாள் மாடிக்கு ஓடி, மூன்று அறைகளையும் அவசரமாகப் படமெடுத்து ஏற்றினார். பத்தே நிமிடத்தில் நல்லம்மாள் வந்துவிட்டார்.

"ரெண்டாவது ரூம்புல கம்பளிக்கு வெளிய ஒரு கால் தெரியுதே, யாரு தம்பி அது?"

தர்மேந்திரன் படத்தைப் பெரிதாக்கினார். கால்தான். நல்ல வளர்த்தியான ஆம்பளைக் கால்.

"வீட்டுக்காரர் மகன் தீபன், அக்கா."

"மணி பதினொன்னு ஆவுது. அந்தக் கால் வேலைக்குப் போவுதா, இல்லையா?"

வேலைவெட்டி இல்லாத பிள்ளை வீட்டைக் காலி செய்யாமல் மல்லுக்கு நிற்குமோ என்று வாங்குகிறவர் பயப்படுவது நியாயம்தானே. தர்மேந்திரன் தீபனையே எழுப்பி விசாரித்து, அப்படியே எழுதினார்: 'பெக்டரியில் டெக்னீஷியன். இந்த வாரம் இரவு ஷிப்டு. சிகரெட், பீர் கிடையாது. அதனால் திரைச்சீலைகளில் வாடை இல்லை.'

எண்ணூறு பேர் பார்த்தார்கள். சதாசிவத்தின் குரல் போனைத் தாண்டி அலுவலகம் முழுக்கக் கேட்டது.

"எல்லா வாட்சாப் குரூப்புலயும் என் மவன் காலுதான்யா சுத்துது! நாளைக்கு ஒருத்தனும் வரலன்னா, ஒன் வெப்சைட்டு மேல போலீஸ்ல ரிப்போட்டு பண்ணுவேன்!"

தர்மேந்திரன் அவசரமாகக் கேள்விப் பெட்டியைத் திறந்தார். உலகத்தில் அவருக்கு இருந்த ஒரே நம்பிக்கை நல்லம்மாள்தான். அந்த அம்மாளிடமிருந்து கடைசியாக ஒரு கேள்வி வந்தது. "ஏன் விக்கிறாங்க? குடும்பத்துல ஏதாச்சும் பிரச்சனையா?"

"சத்தியமா இல்லக்கா. பெரியவங்க ரெண்டு பேருக்கும் முட்டி வலி. மாடி ஏற முடியல."

"சரி தம்பி. நாளைக்கு வாரோம்."

தர்மேந்திரன் நாற்காலியிலிருந்து எழுந்து ஒரு குதி குதித்தார்.

வெள்ளிக்கிழமை இரண்டு கார்களில் ஒன்பது பேர் வந்து இறங்கினார்கள். பெண்களெல்லாம் தலை நிறையப் பூ, பட்டுச் சேலை. கோயிலுக்குப் போய்விட்டு வருகிறார்கள் போல என்று தர்மேந்திரன் எண்ணிக்கொண்டார். பார்க்க வந்த புனிதா, "பரவாலண்ணே," என்று முதல் முறையாக அவரைப் பாராட்டினாள். சதாசிவம்கூடச் சிரித்தார்.

"வாங்கக்கா, முதல்ல மாடியப் பாத்துரலாம்," என்றார் தர்மேந்திரன்.

யாரும் அசையவில்லை. கூடத்தில் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். தரையின் ஓடு இத்தாலியிலிருந்து வந்தது என்றார், ஒருவரும் குனியவில்லை. கூரை சென்ற வருடம் மாற்றியது என்றார், ஒருவரும் நிமிரவில்லை. நல்லம்மாள் கலாதேவி கொடுத்த தேநீரைக் குடித்து, "இனிப்பு சரியா இருக்கு," என்றார். தீபன் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது மட்டும் ஒன்பது தலைகளும் ஒன்றாகத் திரும்பின. முதலில் காலைத்தான் பார்த்தார்கள்.

தர்மேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. முன்பதிவுத் தாளையும் பேனாவையும் நல்லம்மாள் முன்னால் நீட்டினார். "வீடு பிடிச்சிருக்கு இல்லக்கா? இங்க ஒரு கையெழுத்து மட்டும் போட்டுருங்க."

நல்லம்மாள் பக்கத்தில் இருந்த தன் அண்ணனைப் பார்த்தார். வந்ததிலிருந்து வாயே திறக்காத பிச்சைமுத்து, தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்:

"தரகர் மூலமா இந்தப் பையன் ஜாதகம் வந்துச்சு, யாருகிட்ட விசாரிச்சாலும் பூசி மெழுகுவாங்க, நீங்க மட்டுந்தான் தம்பி உள்ளத உள்ளபடி சொன்னீங்க, பையன ரொம்பப் பிடிச்சிருக்கு, நாளைக்கு எங்க பொண்ணு வந்து வாழப்போற வீடு, மொதல்ல அந்த வெளம்பரத்த எடுத்துருங்க!"