அலிபிரி வரை போன தேன்மது

வீட்டில் மது காய்ச்சுகிறவனுக்கு அதை ஒளிக்கவும் தெரிந்திருக்க வேண்டும். எனக்கு முதலாவது சுமாராக வந்தது. இரண்டாவது சுத்தமாக வரவில்லை.

பெங்களூரிலிருந்து நண்பன் ஒரு பாட்டில் தேன்மது வாங்கி வந்தான். தேனில் தண்ணீர் கலந்து, ஈஸ்ட் போட்டுப் புளிக்க வைத்த சரக்கு. ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னாடா இது, டானிக் மாதிரி கீது. நானே இத விட நல்லா செய்வேன்" என்றேன். (வாய் சும்மா இருந்தால்தானே?) செய்தும் விட்டேன். இரண்டையும் பக்கத்தில் வைத்துக் குடித்துப் பார்ப்பதாக ஏற்பாடு.

அதற்குள் குடிபாலாவிலிருந்து மாமனார் எங்கள் சித்தூர் வீட்டுக்கு வந்து இறங்கினார். முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததற்குத் திருமலையில் மொட்டை போட வேண்டுதல், கடுமையான விரதம். கடைப் பாட்டிலைப் பரணில் பதுக்கினேன். நான் செய்ததை ஒரு காலித் தேன் பாட்டிலில் ஊற்றி, சமையலறையிலேயே வைத்தேன். என் மூளையை நானே மெச்சிக்கொண்டேன்.

மறுநாள் காரில் திருமலைக்குப் போகும் வழியில் சந்திரகிரி தாண்டியதும் மாமனாருக்கு இருமல் பிடித்துக்கொண்டது.

"நைனா, தேன் எடுத்தாந்துகீறேன், ரெண்டு வாய் குடி" என்று பின்சீட்டிலிருந்து என் மனைவி நீட்டினாள். அதே பாட்டில்.

ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண்ணாடியில் அந்தப் பாட்டிலைப் பார்த்தேன். சொன்னால் என் மானம் போகும். சொல்லாவிட்டால் அவர் விரதம் போகும், அதுவும் ஏழுமலையான் வாசலில்.

மூடி 'புஸ்' என்று திறந்தது.

"இன்னாமா, தேனு தண்ணியா கீது, நுரைக்குது?" என்றார் மாமனார்.

வண்டியை ஓரம் கட்டி, பாட்டிலைப் பிடுங்கி, "எனக்கும் இருமல், மாமா" என்று மடமடவென்று முழுவதையும் குடித்துவிட்டேன். (கீழே கொட்டியிருக்கலாம். அப்போது தோன்றவில்லை. கடைச் சரக்கைவிட நன்றாக இருக்கிறதே என்பது மட்டும் தோன்றியது. வெட்கங்கெட்ட நாக்கு.)

இனி வண்டி ஓட்ட முடியாது. குடித்த வாயோடு மலையேறவும் முடியாது. தலை சுற்றுகிறது என்றேன், அது பொய்யில்லை. மனைவி முறைத்துக்கொண்டே வண்டியை எடுத்தாள். மலையடிவாரத்துச் சோதனைச் சாவடி இருக்கும் அலிபிரியில் என்னை இறக்கிவிட்டு அவர்கள் மேலே போனார்கள். நான் மரத்தடியில் உட்கார்ந்து, போலீஸ்காரர் பக்கம் வரும்போதெல்லாம் மூச்சை அடக்கினேன்.

சாயங்காலம் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு மாமனார் வந்தார். என் கையில் லட்டை வைத்துவிட்டு மெதுவாகச் சொன்னார்: "வாடையிலயே தெரிஞ்சிப்போச்சி மாப்ள. என் விரதத்த காப்பாத்திட்டீங்க. ஆனா இன்னும் கொஞ்ச நாள் ஊற வுட்டிருக்கணும்."

இன்றைக்கும் எங்கள் வீட்டில் யார் இருமினாலும் எல்லோரும் என்னைத்தான் பார்க்கிறார்கள். மாமனார் மட்டும், "மாப்ளைக்கு மொதல்ல குடுங்க, அவருக்குத்தான் அவசரம்" என்பார்.