பரஞ்சோதி வண்டியை விற்ற விதம்

ஒரு காட்டில், அதுவும் தார் ரோடு போட்ட காட்டில், பரஞ்சோதி என்றொரு கீரிப்பிள்ளை இருந்தது. அதனிடம் ஒரு ஜப்பான் ஸ்போர்ட்ஸ் கார். வாங்கும்போது சாதுவான வெள்ளை வண்டிதான். பரஞ்சோதி சும்மா இருக்குமா? பெரிய டர்போ, குடம் அகலத்துக்குச் சைலன்ஸர், முதுகில் ஒரு றெக்கை, போதாக்குறைக்குக் கிளிப்பச்சைப் பெயின்ட். ஸ்டார்ட் செய்தால் நாலு மரத்துப் பறவைகள் முட்டையைப் போட்டது போட்டபடி ஓடும்.

மனைவி மங்கையர்க்கரசிக்கு நிறைமாதம். "குட்டி பிறக்கறதுக்குள்ள இந்தச் சனியனை வித்தாகணும். இல்லேன்னா எங்கம்மா வளைக்குப் போயிடுவேன், திரும்பி வரமாட்டேன்" என்று சொல்லிவிட்டது. பரஞ்சோதிக்கு மனைவி மேல் உயிர். வண்டி மேலும் உயிர்தான், என்ன செய்ய?

"வித்துடறேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டு விளம்பரம் போட்டது. வந்தவர்கள் எல்லாம் ஒரு ரவுண்டு ஓட்டி, செல்ஃபி எடுத்துக்கொண்டு நடையைக் கட்டினார்கள். கடைசியில் ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் எருமை வந்தார்.

"லிட்டருக்கு எவ்வளவு குடுக்கும் தம்பி?"

"நாலு கிலோமீட்டர் சார்."

எருமை கொஞ்ச நேரம் அசைபோட்டார். "பரவால்ல. நான் கோயிலுக்கு மட்டும்தான் போவேன்" என்றார்.

பெயர் மாற்ற ஆபீசுக்குப் போனார்கள். காக்கை கிளார்க் ஆர்.சி. புக்கைப் பார்த்தது, வண்டியைப் பார்த்தது. "புக்குல வெள்ளைன்னு இருக்கு. இந்த டர்போ இல்ல, றெக்கை இல்ல. புக்குல இல்லாததை எல்லாம் கழட்டிட்டுக் கொண்டாய்யா!"

குரங்கு மெக்கானிக் மூன்று நாள் கழற்றியது. பழைய பாகங்களைப் பூட்டி வெள்ளை அடித்ததும், வண்டி மொட்டையடித்த குழந்தை மாதிரி நின்றது. ஹெட்மாஸ்டர் பூரித்துப்போய், சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து ஓட்டிக்கொண்டு போனார். பரஞ்சோதி வாய்விட்டு அழுதது. மங்கையர்க்கரசி கேசரி கிண்டியது.

கேசரித் தட்டோடு வளைக்குப் பின்பக்கம் போனால், அங்கே டர்போ, சைலன்ஸர், றெக்கை எல்லாம் தார்ப்பாய்க்கு அடியில் குவிந்து கிடக்கின்றன!

"என்னய்யா இது?"

"வண்டியைத்தான் வித்துட்டேனே அரசி! இது புக்குல இல்லாத சாமான். பக்கத்துக் காட்டுல அதே மாடல் வண்டி ஒண்ணு சல்லிசா வருதாம். நாளைக்குப் போய் எடுத்துட்டு வந்துடறேன்."

மங்கையர்க்கரசி அழுதுகொண்டே அம்மாவுக்குப் போன் போட்டது.

"சொன்ன மாதிரி மாப்பிள்ளை வித்துட்டாரேடி! இப்ப எந்த முகத்தோட இங்க வருவே?" என்று சொல்லி அம்மா போனை வைத்துவிட்டது.

நீதி: கொடுத்த வாக்கை ஒருபோதும் மீறாதீர்கள், நட்டு நட்டாகக் கழற்றிவிட்டால் மீற வேண்டிய அவசியமே வராது.